வலியனும் பரத்வாசமும்: புட்பெயர்களின் பண்பாட்டு வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

தமிழ்ச் செவ்வியல் நூல்களுக்கு உரை வரைந்தோர் பறவைப் பெயர் வருமிடங்களில் ‘ஒரு புள்’, ‘பறவை விசேடம்’ என்னும் அளவிலான குறிப்போடு அமைதியடைவது பெருவழக்கு. நிகண்டுகளோ ஒரு பெயருக்கு மற்றொரு பெயரைப் பொருளாகத் தந்து மேற்செல்கின்றன. பெயர் எதைச் சுட்டுகிறது என்பதை அக்காலக் கற்போர் கண்ணாலும் காதாலும் அறிந்திருந்தனர் ஆதலின் அவ்வளவே போதுமானதாக இருந்திருக்கலாம். அந்த அறிவு அறுந்துபோன பின்னர் உரைக்குறிப்பு மட்டும் எஞ்சியது. பறவை பறந்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் இந்நிலை ஓரளவு மாறியது. பி.எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ பழம்பாடல்களில் வரும் பறவைகளை இன்றைய பறவையியல் அறிவோடு இயைத்துக் காட்டிற்று. க. ரத்னம் வட்டாரந்தோறும் வழங்கும் பெயர்களைத் தொகுத்தார். மா. கிருஷ்ணன் இலக்கியப் பயிற்சியும் கானுயிர்ப் பட்டறிவும் ஒருங்கே வாய்க்கப் பெற்று எழுதினார். வடமொழிக்குக் கே.என். தவே 1985இல் வெளியிட்ட பெருநூல் இத்தகையது. இவர்தம் முயற்சியின்றி இத்துறையில் ஓரடியும் எடுத்துவைத்தல் இயலாது.

எனினும், இம்முயற்சிகள் யாவும் ‘இப்பெயர் எந்தப் பறவையைக் குறிக்கிறது?’ என்னும் ஒரு வினாவையே முதன்மையாகக் கொண்டவை. அவ்வினாவுக்கு விடை கிடைத்தவுடன் பழைய உரையாசிரியர் பிழைபட்டார், நிகண்டாசிரியர் குழம்பினார் என்னும் தீர்ப்பும் உடன் வந்துவிடுகிறது. ஒரு பெயர் தன் பறவையை விட்டு மற்றொரு பறவைக்குச் சென்றது ஏன், ஒரு பறவைக்கு ஒவ்வொரு மொழியினரும் ஒவ்வொரு காரணம் பற்றிப் பெயரிட்டது ஏன் என்னும் வினாக்கள் எழுவதில்லை. பிழை எனத் தள்ளப்படும் இடங்களே பண்பாட்டு வரலாற்றுக்குச் சான்று மிகுந்த இடங்கள் என்பது இக்கட்டுரையின் கருத்து. அதனைச் சில பெயர்களைக் கொண்டு ஈண்டு ஆராயலாம்.

புள் என்னும் சொல்

பறவைப் பொதுப்பெயராகிய ‘புள்’ என்பதே இவ்வாய்வுக்கு நல்ல தொடக்கமாகிறது. பழந்தமிழில் இச்சொல் பறவையையும் குறிக்கும்; நிமித்தத்தையும் குறிக்கும். தொல்காப்பியப் புறத்திணையியல் நாளோடும் நிமித்தத்தோடும் சேர்த்துப் புள்ளைப் பேசுகிறது. வழிச்செல்வார் புள் பார்த்துச் சென்றனர்; புள் தடுத்தால் நின்றனர். வடமொழியிலும் ‘சகுனம்’ என்பது பறவைக்குரிய பெயரே; அதுவே பின்னர் நிமித்தப் பொருளில் நிலைபெற்றது. இன்று சகுனம் பார்க்கும் எவரும் அச்சொல்லுக்குள் ஒரு பறவை இருப்பதை எண்ணுவதில்லை. தமிழில் புள் நிமித்தப் பொருளை இழந்து பறவைப் பொருளில் மட்டும் எஞ்ச, வடசொல் பறவைப் பொருளை இழந்து நிமித்தப் பொருளில் தமிழுக்குள் வந்து வழங்குவது நோக்கத்தக்கது. இருசொல்லும் தம்முள் இடம் பங்கிட்டுக்கொண்டன எனலாம்.

கேரளத்தில் இப்பழம்பொருள் முற்றிலும் மறையவில்லை. குழந்தைகளுக்கு வரும் நோயைப் புள்ளின் தோடமாகக் கருதும் நம்பிக்கையும், அதனைப் பாடி நீக்கும் புள்ளுவர் மரபும் அங்குள்ளன. புள்ளுவர் என்னும் குடிப்பெயரே புள் என்பதனடியாகப் பிறந்தது என்பாரும் உளர்.

பெயராய்வில் எச்சரிக்கையும் தேவை. பறவைப் பெயர்போல் தோன்றுவன எல்லாம் பறவைப் பெயர் அல்ல. குறுந்தொகையில் மகன்றிற் புணர்ச்சியைப் பாடிய புலவர் சிறைக்குடி ஆந்தையார். புள்ளைப் பாடிய புலவர்க்குப் புட்பெயரே அமைந்தது எனக் கொள்ளத் தோன்றும். ஆயின் ஆதன், தந்தை என்னும் இரண்டும் புணர்ந்து ஆந்தை என்றாகும் எனத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்திலேயே விதி கூறுகிறது. இப்புலவர் பெயரில் பறவை இல்லை. ஒரு தந்தையே உள்ளார். மாறாக, காக்கைபாடினியார் நச்செள்ளையார் பெயரில் பறவை உண்டு. விருந்து வரக் கரைந்த காக்கையைப் பாடிய பாட்டால் (குறுந்தொகை 210) அவர்க்கு அப்பெயர் அமைந்தது. புறநானூறு 364ஆம் பாட்டைப் பாடிய கூகைக்கோழியார் பெயரும் அவர்தம் பாட்டிலிருந்தே பிறந்தது. ஒருவர் விருந்துக்குரிய பறவையாலும் மற்றவர் இடுகாட்டுக்குரிய பறவையாலும் பெயர்பெற்றனர்.

அன்றிலும் கிரவுஞ்சமும்

பெயர் இடம்பெயரும் முறைக்குச் சிறந்த சான்று அன்றில். சங்கப் பாடல்கள் தரும் செய்திகளைத் தொகுத்தால் அப்பறவையின் உருவம் ஐயத்துக்கு இடமின்றித் தெளிகிறது. அதன் தலை நெருப்பைப் போலச் சிவந்தது. அலகு இறாலைப் போல வளைந்தது (குறுந்தொகை 160). உயர்ந்த மரத்தின் கிளையிலும் ஊர்ப்பொதுவிடத்துப் பனையிலும் துணையோடு வதியும். இரவில் அதன் குரல் கேட்கும். இவ்வடையாளங்கள் அரிவாள்மூக்கன் எனப் பொதுமக்கள் வழங்கும் பறவையினத்துக்கு, அதனுள்ளும் உச்சியில் செந்நிறத் தடிப்புடைய கரிய வகைக்கு, முற்றப் பொருந்துவன. பனையிலும் உயர்மரங்களிலும் அது கூடுகட்டுவதை இன்றும் காணலாம். இவ்வடையாளத்தை இன்று பலரும் ஏற்கின்றனர்.

நிகண்டு மரபோ அன்றிலைக் கிரவுஞ்சம் என்கிறது. கிரவுஞ்சம் வடமொழியில் நெடுங்கால் கொக்கினத்தைச் சார்ந்த பெரும்பறவைக்குரிய பெயர். வான்மீகியார் வேடன் அம்புக்கு இரையாகக் கண்டதாகச் சொல்லப்படும் கிரவுஞ்சம் சாரசக் கொக்கே என ஜூலியா லெஸ்லி 1998இல் விரிவாக நிறுவியுள்ளார். சாரசம் ஈரநிலத்தில் நடந்து திரிந்து நிலத்திலேயே கூடமைப்பது. பனையில் ஏறித் தங்குவதன்று. வளைந்த அலகும் அதற்கில்லை. உடலமைப்பில் ஒன்றோடொன்று ஒட்டாத இரு பறவைகள் ஒரு பெயருக்குள் எவ்வாறு வந்தன?

இவ்விடத்தில் தமிழ் நூல்களே காலநிரல் காட்டுகின்றன. முருகன் எறிந்த கிரவுஞ்ச மலையைப் பரிபாடலும் சிலப்பதிகாரமும் குருகின் பெயரைக் கொண்ட மலை எனச் சுட்டுகின்றன. குருகு என்பது கொக்கு, நாரை முதலிய நீர்ப்பறவைகளுக்குப் பொதுவாக வழங்கியது. யானைபோற் குரலெழுப்பும் ஒன்றை யானையங்குருகு எனவும் பழையோர் வழங்கினர். ஆகவே கிரவுஞ்சம் என்பதைத் தமிழாக்கிய முற்காலத்துப் புலவர் பறவையின் உருவத்தை அறிந்தே மொழிபெயர்த்தனர். கிரவுஞ்சம் அவர்க்குக் குருகு, அன்றில் அன்று. பின்னை வந்த நிகண்டாசிரியர்க்கு உருவம் முதன்மையாகப்படவில்லை. துணைபிரிந்தால் வாழாதது வடமொழியில் கிரவுஞ்சம், தமிழில் அன்றில். எனவே அதுவே இது என்றனர். ஒப்பிடப்பட்டவை இரண்டு பறவைகள் அல்ல. இரண்டு இலக்கியப் பொருண்மைகள். இதனை அறியாமை எனத் தள்ளுவதைக் காட்டிலும் ஒரு மொழிபெயர்ப்புக் கொள்கை எனக் கொள்வதே தகும். ஆயினும் அக்கொள்கைக்கு விலை இருந்தது. அன்றில் என்னும் பெயர் காவியங்களுக்குள் ஒடுங்கிற்று. ஊரருகே பனையில் அமர்ந்திருந்த பறவை பெயரிழந்து, மூக்கின் வடிவால் அரிவாள்மூக்கன் எனப் புதிதாகப் பெயரிடப்பட்டது. இன்று அதன் குரலைக் கேட்போர்க்குத் தாம் கேட்பது அன்றிலின் குரல் என்பது தெரிவதில்லை.

இதற்கு நேர்மாறாக நிகழ்வதும் உண்டு. சகோரம் நிலவை உண்டு வாழும் என்பது வடமொழிக் கவிமரபு. அப்பெயர்க்குரியது வடமேற்கு மலைப்பகுதிகளில் வாழும் ஒருவகைக் கௌதாரி. தென்னாட்டுச் சமவெளியில் அது இல்லை. தமிழில் நிலாமுகி என மொழிபெயர்க்கப்பட்டும் அது ஏட்டுப் பறவையாகவே நின்றது. மலையாளத்தில் அப்பெயர் ஏட்டிலிருந்து இறங்கிச் செம்போத்தின்மேல் அமர்ந்துகொண்டது; உப்பன் எனவும் செம்போத்து எனவும் வழங்கும் அப்பறவைக்குச் சகோரம் என்பதும் அங்கே ஒரு பெயர். வழிச்செல்வோர்க்கு நன்னிமித்தமாகக் கொள்ளப்படும் செந்நிறக் கண்ணுடைய உள்ளூர்ப் பறவைக்கு உயர்வழக்குப் பெயர் ஒன்று வேண்டியிருந்தது போலும்.

ஆனைச்சாத்தன் என்னும் வலியன்

திருப்பாவை ஏழாம் பாட்டில் ஆனைச்சாத்தன் என்னும் பறவை விடியலில் கலந்து பேசுகிறது. வைணவ உரைமரபு இதனை வலியன் என்றும் பரத்வாசப் பறவை என்றும் விளக்குகிறது. இவ்விரண்டு பெயர்களில் முன்னது பறவையைக் காட்டுகிறது. பின்னது அதனை மறைக்கிறது. வடமொழி அகராதிகளில் பரத்வாசம் வானம்பாடி எனப் பொருள்படும். மராத்தி வழங்கும் நாட்டில் இன்றளவும் பாரத்வாஜ் என்றால் செம்போத்து. காலையில் அதனைக் காண்பது நற்பேறு என்பது அந்நாட்டு வழக்கு. தமிழ் உரைமரபிலோ அது வலியன். ஒரு முனிவரின் பெயர் மூன்று நிலங்களில் மூன்று பறவைகளுக்கு உரியதாகியிருக்கிறது. ஆண்டாள் எதனைக் கேட்டார் என்பதற்கு இப்பெயர் உதவாது.

வலியன் என்னும் பெயர் உதவுகிறது. கரிக்குருவி, கரிச்சான், இரட்டைவால் குருவி, கருவாட்டுவாலி என நாட்டார் வழக்கில் பலவாறு பெயர்பெற்ற அப்பறவை, கதிர் எழுமுன் இருள் பிரியாத பொழுதிலேயே குரலெழுப்பும் பறவைகளுள் முதன்மையானது. கறவை மாடுகளின் முதுகிலும் மேய்ச்சல் நிலத்திலும் அமர்ந்து பூச்சி பிடிப்பது. ஆயர்பாடியை நினைந்து பாடப்பெற்ற விடியற்பாட்டில் மாட்டோடு வாழும் விடியற்பறவை இடம்பெற்றமை பொருத்தத்தின் எல்லை. பரத்வாசம் எனக் கேட்ட அளவில் இப்பொருத்தம் நழுவிவிடுகிறது. பாட்டில் ஒரு வைதிகக் குறிப்பு மட்டும் கூடுகிறது. உரையாசிரியர்க்கு அக்குறிப்பு தேவைப்பட்டிருக்கலாம். ஆய்ச்சியர் பாட்டில் புள்ளின் பேச்சும் வேதமோதும் ஓசையாக அவர்க்கு ஒலித்திருக்கக்கூடும். உரையின் சுவை வேறு, பாட்டின் நிலம் வேறு என்பதைக் கற்பிப்போர் பிரித்துணர்த்த வேண்டிய இடம் இது.

சாத்தன் பழந்தமிழில் பெருவழக்கான ஆட்பெயர். இலக்கண உரைகளில் எடுத்துக்காட்டு வேண்டும்போதெல்லாம் வருபவன் அவனே. அப்பெயரைப் பறவைக்கு இட்டது ஏன் என்னும் வினாவுக்குத் தெலுங்கு வழக்கு ஒளி தருகிறது. அங்கு இதே பறவைக்குப் ‘பசுல போலிகாடு’ என்று ஒரு பெயர் உண்டு. ஈற்றிலுள்ள ‘காடு’ நிலத்தைக் குறிப்பதன்று. எளிய மாந்தரின் பெயர்க்குப் பின் வரும் ஆண்பாற் குறி. மாடுகளோடு திரியும் போலி என்னும் ஆள் என்பது இப்பெயர் தரும் பொருள். ஓரிடத்துச் சாத்தனும் ஓரிடத்துப் போலியுமாக இப்பறவையை மாட்டுத்தொழுவத்து ஆள் ஒருவனாகவே மக்கள் கண்டிருக்கின்றனர் என்று கருத இடமுண்டு. முன்னுள்ள ‘ஆனை’ என்பதற்கு மலையாளப் பெயராகிய ‘ஆனறாஞ்சி’ துணைநிற்கிறது. ஆனையையே தூக்கிச் செல்வது என்பது அதன் பொருள். கைக்குள் அடங்கும் பறவைக்கு இப்பெயர் மிகையாகத் தோன்றும். பருந்தையும் காக்கையையும் அது துரத்தித் துரத்திக் கொத்துவதைக் கண்டவர்க்குத் தோன்றாது.

பிற மொழியினர் இத்துணிவை எவ்வாறு பெயராக்கினர் என்பது இன்னும் சுவையானது. இந்தியில் இது ‘கொத்வால்’. சுல்தானியர், முகலாயர் காலத்து நகர்க்காவல் தலைவர்க்குரிய பதவிப்பெயர் அது. சிறு பறவைகள் இதன் கூட்டருகே தம் கூட்டை அமைத்துக்கொள்ளும். காக்கை நெருங்கினால் இது விரட்டும் என்பது பற்றி எழுந்த பெயர். ஆங்கிலேயர் ‘காக்கையரசன்’ என்னும் பொருள்பட வழங்கினர். மலையாளத்தில் இவ்வினத்துச் சாம்பல்நிறப் பறவை ‘காக்கத்தம்புராட்டி’. ஆளும் குடியைச் சேர்ந்த பெண்மணி. ஒவ்வொரு நாட்டாரும் தாம் அறிந்த அதிகாரத்தின் பெயரையே இதற்குச் சூட்டினர். நகரில் வாழ்ந்தவர்க்குக் காவல் அதிகாரி. நாடுவாழிகள் ஆண்ட நிலத்தார்க்குத் தம்புராட்டி.

தமிழ் இவ்வதிகாரப் பெயர்களுள் எதனையும் இதற்கு இடவில்லை. வலியன் என்னும் பெயர்க்கு ஒரு புராணத்தையே ஆக்கிக்கொண்டது. திருவிளையாடற் புராணத்தில் கரிக்குருவிக்கு உபதேசித்த படலம் இவ்வாறு பிறந்தது. முற்பிறப்பு வினையால் குருவியாகப் பிறந்த உயிரொன்றைக் காக்கை முதலியன தலையில் கொத்தித் துன்புறுத்துகின்றன. ஊரில் இருக்கவொண்ணாது காட்டுக்குச் சென்ற அது, மதுரையின் பெருமையைப் பிறர் சொல்லக் கேட்டு அங்குச் சென்று பொற்றாமரையில் நீராடி வழிபடுகிறது. இறைவன் மந்திரம் அருளுகிறான். பிற பறவைகளால் இழிவுபட்ட தன் குலம் வலிமைபெற வேண்டும் என்பதே குருவியின் வேண்டுகோள். வலியான் என்னும் பெயரும் வாய்க்கிறது.

இப்படலம் தலபுராணக் கதைகளுள் ஒன்றாகவே இதுவரை படிக்கப்பட்டுள்ளது. பெயர்க்காரணக் கதையாகப் படித்தால் அதன் நுட்பம் புலனாகும். கதையைக் கட்டியவர் பறவையை நன்கு நோக்கியவர். சிறிய கரிய குருவி தன்னினும் பெரிய காக்கையை எதிர்த்துத் துரத்துவது கண்கூடு. இது இயற்கைக்கு மாறாகத் தோன்றுவது. மாறாகத் தோன்றுவதற்குக் காரணம் வேண்டும். ‘இது அரசன், இது அதிகாரி’ என்று பிறர் விடையிறுத்த இடத்தில், ‘இது முன்பு கொத்துண்டது’ என்று இக்கதை விடையிறுக்கிறது. வலிமை இதற்குப் பிறப்பால் வந்ததன்று. இழிவுபட்டு, அடைந்து, கேட்டுப் பெற்றது. அதுவும் தனக்கு மட்டுமன்றித் தன் குலம் முழுமைக்கும் கேட்டுப் பெற்றது. ஆலவாய் இறைவனின் விளையாடல்களுள் பன்றிக்குட்டிகட்குப் பால் கொடுத்ததும் நாரைக்கு முத்தி கொடுத்ததும் இதனோடு ஒருவரிசையில் நிற்பன. அவற்றுள்ளும் இப்படலம் ஒன்றே உயிரினம் ஒன்றின் வழங்குபெயரைத் தன் முடிவாகக் கொண்டு அமைகிறது எனலாம்.

சாக்குருவி

பெயர் ஒரு பறவைக்கு என்ன செய்யும் என்பதற்குக் கூகையினும் கொடிய சான்று இல்லை. காக்கை பகலில் கூகையை வெல்லும் என்பதைக் காலமறிதலுக்கு உவமையாக்கினார் வள்ளுவர் (குறள் 481). பஞ்சதந்திரத்தின் மூன்றாம் பகுதி காக்கைக்கும் கூகைக்கும் நேர்ந்த பகையையே பொருளாகக் கொண்டது. இவ்விடங்களில் கூகை பகைவன். ஆயினும் இரவில் வலியுடையவன். தீமையின் உருவன்று.

இன்று வெண்முகமும் இதயவடிவும் கொண்ட கூகை தமிழ்நாட்டு ஊர்களில் சாக்குருவி. அது கூரைமேல் அலறினால் அவ்வீட்டில் இழவு விழும் என்பது நம்பிக்கை. வங்கத்தில் அதே பறவைக்கு ‘லொக்கி பேஞ்சா’ என்று பெயர். இலக்குமியின் ஆந்தை என்பது பொருள். திருமகளின் ஊர்தியாகிய அது வீட்டுக்கு வருவது செல்வம் வருவதன் அறிகுறி. நெற்களஞ்சியத்தை நாடி எலி வரும். எலியை நாடிக் கூகை வரும். நெல் உள்ள இடத்தில் திருமகள் உறைவாள் என்றால் அவளுடன் கூகையும் உறைவது இயல்பே. வங்கப் பெயர் களத்தைக் கண்டு இட்டது. தமிழ்ப் பெயர் இரவில் குரலைக் கேட்டு இட்டது. உழவர்க்கு எலியை அழித்துதவும் ஒரே பறவை ஒரு கரையில் வழிபடவும் மற்றொரு கரையில் கல்லெறிந்து விரட்டவும் படுகிறது.

வழிபாடும் முழுக் காப்பன்று. மாந்திரிகத்துக்காக ஆந்தைகளைப் பிடித்து விற்கும் வணிகம் நாட்டின் பல பகுதிகளில் நடப்பதை 2010இல் டிராஃபிக் இந்தியா வெளியிட்ட அறிக்கை விரித்துரைத்தது. தீபாவளியை ஒட்டி, திருமகளை வேண்டியே, அவள் ஊர்தி கொல்லப்படுவதும் உண்டு. சாவோடு சேர்ந்த பெயரும் செல்வத்தோடு சேர்ந்த பெயரும் இறுதியில் பறவைக்கு ஒரே முடிவைத் தரக்கூடும்.

சிலம்பனும் தவிட்டுக்குருவியும்

அண்மைக் காலத்தில் பறவை நோக்குவோர் தமிழில் பெருகியுள்ளனர். கையேடுகளுக்கு ஓர் இனத்துக்கு ஒரு பெயர் என்னும் நெறி இன்றியமையாதது. அந்நெறியோடு பிணங்குவதற்கு ஒன்றுமில்லை. ஆயின் பெயர்களைத் தேர்ந்தும் ஆக்கியும் தரப்படுத்தும் அப்பணியில் தமிழ்த்துறைகள் பெரிதும் விலகியே நிற்பது வருந்தத்தக்கது.

தவிட்டுக்குருவியை எடுத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் ஆறேழாகக் கூடித் தரையைக் கிளறி ஓயாது கத்தும் பழுப்புநிறக் குருவி அது. தமிழர் நிறத்தைக் கண்டு தவிட்டுக்குருவி என்றனர். மலையாளிகள் அது திரியும் சருகைக் கண்டு கரியிலக்கிளி என்றனர். இந்தி பேசுவோர் எண்ணிப் பார்த்து ‘சாத் பாயி’, ஏழு சகோதரர், என்றனர். ஆங்கிலேயர் எண்ணை ஏற்றுப் பாலை மாற்றி ஏழு சகோதரிகள் ஆக்கினர். கத்துவது பெண்பாலுக்கே உரியது என அவர்க்குத் தோன்றியது போலும். ஒரு குருவியை நோக்கிய நான்கு கண்கள் இப்பெயர்களில் உள்ளன.

இன்றைய கையேடுகளில் இவ்வினத்துக்குச் சிலம்பன் என்னும் பெயர் ஆளப்படுகிறது. சிலம்புதல் ஒலித்தல் ஆதலின் ஓயாது ஒலிப்பது சிலம்பன், ஆக்கம் செம்மையானதே. ஆயினும் அகப்பொருள் பயின்றோர்க்குச் சிலம்பன் குறிஞ்சி நிலத் தலைவன். காட்டுச் சிலம்பன் எனக் கேட்டால் வேங்கை மரத்தடியில் தழையுடையோடு நிற்பவனே முதலில் நினைவுக்கு வருவான். ஏழெட்டுப் பேராய்ச் சருகு கிளறுபவன் அல்லன். பெயரை ஆக்கியோர்க்கு இது தெரியாதிருக்கலாம், தெரிந்தும் பொருட்படுத்தாதிருக்கலாம். இரண்டு பொருளும் ஒரு சொல்லில் வாழ்வது தமிழுக்குப் புதிதன்று. கேடு அதுவன்று. சிலம்பன் பாடநூலுக்குள் நுழைந்த பின் தவிட்டுக்குருவி என எழுதும் மாணவர்க்கு மதிப்பெண் குறையும் நாள் வந்தால் அதுவே கேடு. நாகணவாய் என்னும் பெயர் வழக்கிறந்து மைனா என்பது ஊர்தோறும் நிலைத்தபோது யாரும் ஆணையிடவில்லை. வழக்கு தானே மாறிற்று. ஆணையால் மாற்றுவது வேறு.

சிட்டுக்குருவிக்கு உள்ள பெயர்களை நோக்கினும் இது விளங்கும். சங்கப் பாட்டு அதனை மனையில் உறையும் குருவியாகக் கண்டது. அடைக்கலக்குருவி என்பது வீட்டாரின் கடமையையும் சேர்த்துச் சொல்லும் பெயர். அடைக்கலம் புகுந்ததன் கூட்டைக் கலைத்தல் ஆகாது. மலையாளத்தில் அது அங்ஙாடிக்குருவி; தானியக் கடைத்தெருவில் வாழ்வது. தில்லி 2012இல் இதனைத் தன் மாநிலப் பறவையாக அறிவித்தபோது அதற்கு முன்னரே நகரக் குடியிருப்புகளில் அது அருகிவிட்டது குறித்த கவலை பரவியிருந்தது. அடைக்கலம் என்னும் சொல்லைத் தன்னுட்கொண்ட பெயரைக் கையேட்டின் பொருட்டு விடுவதாயின், விடுவது ஒரு பெயரை மட்டுமன்று.

பெயர்சூட்டலில் யாருடைய நினைவு நிலைபெறவேண்டும் என்னும் வினா இன்று பிற நாடுகளிலும் எழுந்துள்ளது. அமெரிக்கப் பறவையியல் கழகம் தன் எல்லைக்குட்பட்ட பறவைகளின் ஆங்கிலப் பெயர்களில் மாந்தர் பெயரைக் கொண்டவற்றை மாற்றப்போவதாக 2023 நவம்பரில் அறிவித்தது. இந்தியப் பறவைகளுள்ளும் ஆங்கிலேய அலுவலர், மருத்துவர், படைத்தலைவர் பெயர் தாங்கியவை பல. அவற்றைப் பற்றிய முடிவு இன்னும் எவராலும் எடுக்கப்படவில்லை. எனினும் வெறுப்பால் மட்டும் தீர்க்கத்தக்கதன்று இது. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணிபுரிந்த ஜெர்டன் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட ‘இந்தியப் பறவைகள்’ நூலில் ஒவ்வொரு பறவைக்கும் தாம் கேட்டறிந்த தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானிப் பெயர்களையும் உடன் குறித்துவைத்தார். அவற்றுட் சில வேறெங்கும் பதிவாகாதவை.

அவர் பெயரையே தாங்கிய ஒரு பறவை ஆந்திரத்தின் முட்புதர்க் காடுகளில் வாழ்வது. 1848இல் அறிவியலுலகுக்கு அறிமுகமான அது 1900க்குப் பின் எவர் கண்ணிலும் படவில்லை. அற்றுப்போயிற்று என்றே பறவையியலார் கருதினர். 1986 சனவரியில் கடப்பை மாவட்டத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக ஆய்வாளர்க்கு உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர் அதனைப் பிடித்துக் காட்டினார். அப்பறவைக்குத் தெலுங்கில் வழங்கும் பெயராக ஜெர்டன் எழுதிவைத்தது, காட்டிலுள்ள வெற்றுப் பை என்னும் பொருளுடையது. அங்குள்ள மக்கள் அதனைக் கலிவிப் புதரில் மறைந்து வாழ்வது பற்றிக் ‘கலிவிக் கோடி’ என்கின்றனர். கோடி என்பது கோழி. நூல்களில் எண்பத்தாறு ஆண்டுகள் இல்லாதிருந்த பறவை ஊரார் பேச்சில் பெயரோடு இருந்திருக்கிறது.